ஓடாத பெரிய முள்

அந்தக் கைக்கடிகாரத்துக்கு இரண்டு பொத்தான்கள் இருந்தன. சாவி கொடுக்கிற திருகுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. மேல் பொத்தானை அமுக்கினால், பன்னிரண்டில் சும்மா நின்றுகொண்டிருக்கும் நீளமான பெரிய முள் விருட்டென்று கிளம்பி ஓடும். மறுபடி அமுக்கினால் போன இடத்தில் நிற்கும். கீழ்ப் பொத்தானை அமுக்கினால் ஒரே துள்ளலில் பன்னிரண்டுக்கே திரும்பிவிடும். வெள்ளை முகத்துக்குள் இடப்பக்கம் ஒரு குட்டி வட்டம், வலப்பக்கம் ஒரு குட்டி வட்டம். இடப்பக்கத்து வட்டத்தில் எறும்புக் கால் மொத்தத்தில் ஒரு முள் எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும். அதுதான் நிஜமான விநாடி முள். எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், கல்யாணமாகி வந்த வாரத்திலேயே என் வீட்டுக்காரர் எனக்கு நடத்திய முதல் பாடம் இதுதான். சோறு வடிக்கத் தெரியுமா, குழம்பு கூட்டத் தெரியுமா என்று அந்த மனுஷன் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பெரிய முள் எதுக்கு, சின்ன முள் எதுக்கு என்று மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டார்.

என்னைக் கட்டுவதற்கு முன்னாலேயே அவர் அதைக் கையில் கட்டியிருந்தார். அதனால் அது மூத்தாள், நான் இளையாள் என்று பக்கத்து வீட்டுப் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பேன். காலையில் எழுந்ததும் மூத்தாளுக்குத்தான் முதல் மரியாதை. முகம் கழுவி, கை துடைத்து, ஈரம் போன பிறகு உட்கார்ந்து மெதுவாகச் சாவி கொடுப்பார். நான் வைத்த காப்பி பக்கத்தில் ஆடை கட்டிக்கொண்டு கிடக்கும். கோபம் வந்தால் நான், "அதுக்கே ஒரு தாலியைக் கட்டிருங்க, நான் எங்க ஊருக்குப் போறேன்" என்பேன். அவர் சிரிக்க மாட்டார். காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருப்பார். அப்படியொரு முகம் அவருக்கு வேறு எந்த வேளையிலும் இருந்ததில்லை.

மதுரை ரயிலடிக்குப் பின்னால் ஒரு நூல் மில்லில் அவர் மிஷின் பழுது பார்க்கிற பிட்டர். மில்லுக்குப் பக்கத்திலேயே வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். மிஷின்களைப் பார்த்துக்கொள்ள ஒரு வெள்ளைக்காரர் இருந்தாராம். இஞ்சின் துரை என்பார்கள். நூல் சுற்றுகிற கதிர் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று பார்ப்பதற்கு அந்தத் துரை இந்தக் கடிகாரத்தைத்தான் அமுக்குவார். பக்கத்தில் நின்று எண்ணியவர் என் வீட்டுக்காரர். துரைக்கு நெஞ்சுக் கோளாறு வந்து கப்பலேறும்போது, கையிலிருந்து கழற்றி இவர் கையில் கட்டிவிட்டுப் போனார். சீமையில் ஏதோ மோட்டார் பந்தயத்துக்காக ஒரு கம்பெனிக்காரன் செய்ததாம். மொத்தம் இருநூறுதான் செய்து, அதோடு அச்சை உடைத்துப் போட்டானாம். பின்மூடியில் இது எத்தனையாவது என்று வெட்டியிருக்கும். அந்த எழுத்தை விரலால் தடவிக்கொண்டே, "உலகத்துலயே இருநூறு பேரு கையிலதான் இருக்கு புள்ள. அதுல ஒருத்தன் நான்" என்பார். மில்லில் எண்ணெய்க் கறையோடு நிற்கிற ஒரு மனுஷனுக்கு அது எம்புட்டுப் பெரிய சங்கதி என்று இப்போது புரிகிறது. அப்போது எனக்குக் கேலியாகத்தான் இருந்தது.

கடிகாரத்துக்கு அடுத்தபடி அவர் உயிரை வைத்திருந்தது தங்கச்சியிடம். தப்பு, தங்கச்சிக்கு அடுத்தபடிதான் கடிகாரம். அதை அவரே காட்டினார், சொல்கிறேன். ஒரு வருஷம் வந்த வாந்திபேதியில் தகப்பனும் தாயும் போய்விட, இவர்தான் அவளைத் தூக்கி வளர்த்தவர். நான் அந்த வீட்டுக்கு வந்தபோது அவளுக்குத் தாவணி போடுகிற வயசு. எல்லோருக்கும் அவள் பாப்பா. எனக்கு நாத்தனார் என்று பேர்தானே தவிர, நாத்தனார்க் குத்தல் ஒன்றைக்கூட அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. "மதினி, மதினி" என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே சுற்றுவாள். தலை பின்னிவிட நான் வேண்டும், மில்லிலிருந்து அண்ணன் வரும்போது ஓடிப்போய்ச் சாப்பாட்டுத் தூக்கை வாங்க அவள்தான் வேண்டும்.

விளாங்குடியிலிருந்து அவளைப் பெண் கேட்டு வந்தார்கள். இப்போது விளாங்குடி என்றால் திண்டுக்கல் ரோட்டில் வீடும் கடையுமாக இருக்கிறது. அப்போது வயலும் கமலைக் கிணறும்தான். சொந்தமாக நஞ்சை வைத்து, தாங்களே இறங்கி உழுகிற குடும்பம். மாப்பிள்ளை அதிகம் பேசாத, நல்ல மனுஷன். நகை நட்டு என்று பிடுங்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்கள். மாப்பிள்ளைக்கு ஒரு கைக்கடிகாரம் போடணும். அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்தில் கைக்கடிகாரம் கட்டியவர் யாரும் இல்லை. பட்டணத்து மில்லில் வேலை பார்க்கிற மச்சான் போடுகிறது என்றால் அவர்களுக்கும் ஒரு பெருமை.

நான் டவுன் ஹால் ரோட்டுக் கடையில் புதுசாக ஒன்று வாங்கச் சொன்னேன். "வட்டமா, மூணு முள்ளோட, பாத்தா ஓடுறது தெரியுற மாதிரி ஒண்ணு வாங்குங்க" என்றேன். என்ன நினைத்து அப்படிச் சொன்னேனோ தெரியாது, வாயில் வந்தது. அவர் கேட்கவில்லை. தன் கையைக் காட்டி, "எங்கிட்ட இருக்கறதுல உசந்தது இதுதான். எந்தங்கச்சி மாப்பிள்ளைக்கு இதைப் போடாம கடைச் சரக்கையா போடுறது?" என்றார். அன்று சாயங்காலம் முழுக்கத் துணியை வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கேலி செய்ய மனசு வரவில்லை. மூத்தாளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற மாதிரிதான் இருந்தது அவர் முகம்.

கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளை கையில் அவரே கட்டிவிட்டார். மாலையும் சந்தனமுமாக மாப்பிள்ளை கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுற்றி இருந்தவர்களெல்லாம் குனிந்து பார்த்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர் இருந்தார். அந்தக் குடும்பத்துக்கு வாய் அவர்தான். அவர் மாப்பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துக் கிட்டத்தில் கொண்டுபோனார், எட்ட வைத்துப் பார்த்தார், காதில் வைத்தார். பிறகு பந்தல் பூராவும் கேட்கிற மாதிரி, "என்னப்பா இது, பெரிய முள்ளு ஓடலையே" என்றார்.

தாலி கட்டப்போகிற நேரம். நல்ல நேரத்தில் கடிகாரம் நிற்கிறது என்றால் யாருக்குத்தான் துணுக்கென்று இருக்காது? பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே போய், "அது அப்படித்தாங்க, நின்னுதான் இருக்கும். வேணுங்கிறப்ப அமுக்கிக்கிடணும்" என்று மேல் பொத்தானை அமுக்கினார். முள் ஓடியது. கூட்டம் ஆகா என்றது. அதோடு விட்டிருக்கலாம். சொல்லிக்கொடுக்கிற ஆசை அவருக்கு. மறுபடி அமுக்கி நிறுத்தினார், கீழ்ப் பொத்தானை அமுக்கிப் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்தார். "பாத்தீகளா" என்று நிமிர்ந்தார். பெரியப்பா, "அமுக்குனா ஓடுது, அமுக்குனா நிக்குது. தானா ஓடுறதுக்குப் பேருதானப்பா கடிகாரம்" என்றார். ஓடுகிற முள் அந்தக் குட்டி வட்டத்தில் இருக்கிறது என்று இவர் காட்டினார். அந்த வயசில் அவர் கண்ணுக்கு அது தெரியுமா? கடைசியாகத் தன் பெரிய அஸ்திரத்தை எடுத்தார் என் வீட்டுக்காரர். உலகத்திலேயே இருநூறுதான் செஞ்சாங்க என்றார். பெரியப்பா ஒரு நிமிஷம் யோசித்தார். "இருநூறோட நிறுத்திட்டானா? அப்ப விக்கலைபோல" என்றார்.

பந்தலே சிரித்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் முகம் மட்டும் செத்துப்போனது. மாப்பிள்ளைதான் நல்லபடியாக, "இருக்கட்டும் பெரியப்பா, மச்சான் ஆசையாப் போட்டது" என்று மேல் பொத்தானை ஒரு தடவை அமுக்கி, பெரிய முள்ளை ஓட விட்டுக்கொண்டார். ஓடுகிற முள்ளோடுதான் தாலி கட்டினார்.

அதற்கப்புறம் மாப்பிள்ளை அதை நிறுத்தவே இல்லை. பாவம், அந்த மனுஷனுக்கு வேறு வழி என்ன? ஊரில் யார் கையைப் பிடித்துப் பார்த்தாலும் பெரிய முள் ஓட வேண்டும். நின்றால் பெண் வீட்டுச் சீர் சொத்தை என்று பேச்சாகிவிடும். அதனால் காலையில் சாவி கொடுப்பதோடு சரி, மேல் பொத்தானைத் தொடவே மாட்டார். வரப்பில் நடக்கும்போதும் ஓடும், தூங்கும்போதும் ஓடும். பாப்பா மறுவீடு வந்தபோது இதை என்னிடம் பெருமையாகச் சொன்னாள். "மதினி, ஒரு நாளுகூட நிக்க விடலை அவுக" என்றாள். நானும் நல்லதுதானே என்று கேட்டுக்கொண்டேன். என் வீட்டுக்காரருக்கு நான் சொல்லவில்லை, பாப்பாவும் சொல்லவில்லை. அப்படி ஓட விட்டால் சின்னச் சக்கரத்தின் பல் தேய்ந்துபோகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

தலை தீபாவளிக்கு மாப்பிள்ளையும் பாப்பாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கூடவே பெரியப்பாவும் வந்திருந்தார். விடியுமுன்னே எண்ணெய் தேய்த்துக் குளிக்க மாப்பிள்ளை கடிகாரத்தைக் கழற்றி மாடத்தில் வைத்தார். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். பெரிய முள் ஓடிக்கொண்டிருந்தது. கையில் எடுத்தார், காதில் வைத்தார். மில்லில் கதிர் சத்தத்தைக் கேட்டே எது கெட்டது என்று சொல்கிற காது அது. மணியைப் பார்த்தார், மில் சங்கை வைத்து நாங்கள் சரிபார்க்கிற சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இது வெகுவாகப் பின்தங்கிப்போயிருந்தது. "எம்புட்டு நாளா இப்படி ஓடுது?" என்று பாப்பாவிடம் கேட்டார். அவள் சந்தோஷமாக, "கல்யாணத்துலருந்து நிறுத்தவே இல்லண்ணே" என்றாள். அவர் உடனே மேல் பொத்தானை அமுக்கி நிறுத்தி, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

திரும்பி வரும்போது கையில் ஒரு புதுக் கடிகாரம் இருந்தது. தெரிந்த கடைக்காரரை எழுப்பிக் கதவைத் திறக்கவைத்து வாங்கி வந்திருந்தார். நான் முன்னால் சொன்ன மாதிரியே வட்டமாய், மூன்று முள்ளோடு, ஓடுவது பளிச்சென்று தெரிகிற கடிகாரம். அதைப் புது வேட்டிக்கு மேலே தட்டில் வைத்தார். மாப்பிள்ளை குளித்துத் தலை துவட்டிக்கொண்டே வந்து மாடத்தைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். "நம்ம கடிகாரம் எங்க மச்சான்?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர், "அது ஒங்களுக்குத் தோதுப்படாது மாப்ள. இதைக் கட்டிக்கங்க, எந்நேரமும் ஓடிக்கிட்டே இருக்கும்" என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அதில் அவருக்கு ஒரு துளி கள்ளம் இல்லை. ஓடுகிற முள் இல்லையென்றுதானே அவர்கள் குறைப்பட்டார்கள், ஓடுகிற முள் கொடுத்தாயிற்று, இரண்டு பக்கமும் நல்லது என்றுதான் நினைத்தார். மிஷின் பாஷை எல்லாம் தெரிந்த அந்த மனுஷனுக்கு மனுஷ பாஷை தெரியாது. பந்தலில் நாலு பேர் பார்க்கக் கட்டிவிட்ட சீரைத் திருப்பி எடுக்கிறதா? எடுத்தது மட்டுமா, உனக்குத் தோதுப்படாது என்று வேறு சொல்கிறதா? அந்த ஒரு வார்த்தையில் மாப்பிள்ளையின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. புது வேட்டியைத் தொடவில்லை. கொடியில் காய்ந்த தன் பழைய வேட்டியையே கட்டிக்கொண்டார். பெரியப்பா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "சீரைத் திருப்பி எடுத்துக்கிட்டவுக பொண்ணையும் எடுத்துக்கிறட்டும்" என்றார். மாப்பிள்ளை பெண்டாட்டியைப் பார்த்து, "நீ வாரியா, இருக்கியா?" என்று மட்டும் கேட்டார். பாப்பா அண்ணனைப் பார்த்தாள். அவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தாள். அவர் என்ன நடந்தது என்றே புரியாமல் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் போய்விட்டாள். நான் சுட்ட பணியாரம் சட்டியோடு அப்படியே கிடந்தது.

"பையில இருக்கறதை எடுத்துக்கிட்டு ஓடிப்போயி கொடுத்துட்டு வாங்க" என்று அப்போதே கத்தினேன். "சரி பண்ணித்தான் கொடுக்கணும். தேஞ்சுபோன கடிகாரத்தையா திருப்பிக் கொடுக்கிறது?" என்றார். அடுத்த வாரமே அது மொத்தமாக நின்றுபோனது. இப்போது குட்டி வட்டத்து முள்ளும் ஓடவில்லை. கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர் திறந்து பார்த்து, ஒரு சக்கரம் போய்விட்டது, சீமையிலிருந்துதான் வரவேண்டும் என்றார். எழுதிப்போட்டோம். அங்கே யுத்தம் தொடங்கிவிட்டது. கப்பலில் மனுஷர் வருவதே பெரும்பாடு, சக்கரம் எங்கே வரப்போகிறது.

இதற்குள் பாப்பா முழுகாமல் இருந்தாள். தலைப் பிரசவம் பிறந்த வீட்டில்தான். நான் அறையெல்லாம் மெழுகி, பழைய சேலைகளைத் துவைத்து மடித்து வைத்துக் காத்திருந்தேன். அனுப்பவில்லை. விளாங்குடியிலேயே ஆண் குழந்தை பிறந்தது. சேதி எங்களுக்கு ஒரு தயிர்க்காரி மூலமாகத்தான் வந்தது. நான் காப்பும் மருந்துச் சாமானும் கொடுத்துவிட்டேன். அப்படியே திரும்பி வந்தன. பிறகு ஒரு பொதுவான ஆள் வந்து, அவர்கள் சொன்னதைச் சொன்னார். பையனுக்குக் காது குத்தப்போகிறார்கள். திருவாதவூர்ப் பக்கம் அவர்கள் குலசாமி கோயிலில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்தணும் என்று மாப்பிள்ளைக்கும் ஆசைதான். ஆனால் எடுத்த கடிகாரத்தை மச்சான் கொண்டுவந்து, எடுத்த கையாலேயே கட்டிவிடணும். கட்டிவிட்டால் வெத்தலை பாக்கு வைத்து முறையாகக் கூப்பிடுகிறோம் என்றார்கள்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவர் மடியில் ஏறி உட்கார உரிமையுள்ள பிள்ளை உலகத்தில் அது ஒன்றுதான். அந்தச் சேதியைக் கேட்டதிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மில் பட்டறையில் பித்தளைத் துண்டை வாங்கி வந்து, தானே அந்தச் சக்கரத்தை அரத்தால் அராவிச் செய்யத் தொடங்கினார். மிளகுக்குப் பாதி இருக்கும் அது. கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். ஒன்று அராவுவார், சேராது. இன்னொன்று அராவுவார், பல் முறியும். ஞாயிற்றுக்கிழமையெல்லாம் இப்படியே போனது. யார் வந்தாலும் தலை நிமிராது.

நான் கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். "ஓடாட்டிப் போகுது, அப்படியே கொண்டுபோயி கட்டிவிடுங்க. அவுக என்ன மணியா பாக்கப்போறாக?" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். கண்ணைச் சுற்றி வட்டமாகத் தழும்பு விழுந்திருந்தது. "ஓடுற கடிகாரத்தைப் போட்டப்பவே ஓடாததைப் போட்டான்னு பேரு வாங்குனேன். இப்ப நெசமாவே ஓடாததைக் கொண்டுபோயிப் போடச் சொல்றியா?" என்றார்.   அவர் ரோசம் அவருக்கு. ஆனால் அந்த ரோசத்தில் வெந்தது தங்கச்சி.

காதுகுத்து முடிந்துபோனது. சேதியைக் கொண்டுவந்த அந்தப் பொதுவான ஆளே வந்து சொன்னார். தாய்மாமன் இல்லாத இடத்தில் தூரத்துச் சொந்தத்தில் அண்ணன் முறையுள்ள ஒருவரை உட்கார வைத்தார்களாம். பாப்பா குழந்தையைக் கொடுக்கவில்லையாம். கொஞ்சம் இருங்க என்று சொல்லி, தன் துணிப்பையிலிருந்து ஒரு பழைய துண்டை எடுத்து அந்த அண்ணன் முறைக்காரர் மடியில் விரித்தாளாம். கல்யாணத்தில் அவள் பெட்டிக்குள் எப்படியோ கலந்துபோன, எண்ணெய்க் கறை பிடித்த எங்கள் வீட்டுத் துண்டு. "இதுதான் எங்கண்ணன் மடி. இது மேல வச்சுக் குத்துங்க" என்றாளாம். பெரியப்பாகூட வாயைத் திறக்கவில்லையாம். இதைக் கேட்டுவிட்டு என் வீட்டுக்காரர் குழாயடிக்குப் போனார். முகத்தைக் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். நான்தான் போய்க் குழாயை மூடினேன்.

அதோடு அராவுவதை நிறுத்திவிட்டார். கடிகாரத்தைப் பிரித்தது பிரித்தபடி ஒரு தகர டப்பாவில் போட்டு மூடிவைத்தார். பூதக்கண்ணாடியை யாருக்கோ கொடுத்துவிட்டார். விளாங்குடிக்குப் போங்கள் என்று நான் சொன்னபோதெல்லாம், "எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போறது?" என்பார். முன்பு ரோசம் தடுத்தது, இப்போது வெட்கம் தடுத்தது. வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போன மறு வருஷம் விஷக் காய்ச்சலில் படுத்தார். நினைவு தப்பிய வேளையில், "பாப்பா, தூக்கை வாங்கு" என்று இரண்டு தடவை சொன்னார். நான் ஆள் அனுப்பினேன். அவர்கள் வண்டி கட்டி வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை வாசலில் நின்று அழுத அழுகையைப் பார்த்து, இந்த மனுஷனோடு எதற்கய்யா பகை என்று எனக்கு வயிறு எரிந்தது. பாப்பா அழவில்லை. அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் போக்குவரத்து தொடங்கி, இன்றுவரை குறையில்லை. அவள் மகன் என்னை அத்தை அத்தை என்று தாங்குகிறான். ஒத்தக்கடைப் பக்கம் வீடு கட்டி, எங்கள் இருவரையும் தன்னோடு வைத்துக்கொண்டிருக்கிறான். அவளும் தாலியறுத்தாயிற்று, நானும் அறுத்தாயிற்று. இரண்டு கிழவிகளும் காலை நீட்டிக்கொண்டு டிவி பார்க்கிறோம், மாத்திரை மாற்றிப் போட்டுக்கொண்டால் ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொள்கிறோம்.

போன மாதம் அவன் சிநேகிதர் ஒருவர் மெட்ராஸிலிருந்து வந்திருந்தார். பழைய கடிகாரங்களைத் தேடிச் சேர்க்கிறவராம். பேச்சு வந்ததும் நான் தகர டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். அவர் பின்மூடியைத் திருப்பிப் பார்த்தார், அப்படியே எழுந்து நின்றுவிட்டார். இருநூறில் ஒன்று என்றார். உலகத்தில் இன்னும் பத்துப் பன்னிரண்டு மிச்சமிருந்தால் பெரிசு என்றார். முகத்தில் ஒரு கீறல் இல்லை, முள்ளில் ஒரு கறுப்பு இல்லை, வெயில் படாமல் வேர்வை படாமல் இப்படி இருப்பதுதான் இதன் மதிப்பு என்றார். "யாரும் கட்டாமலே இத்தனை வருஷம் காப்பாத்தியிருக்கீங்க பாட்டி" என்று என்னைப் பாராட்டினார். நான் டப்பாவை வாங்கி மூடிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

பாப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவர் சொன்னதெல்லாம் அவள் காதிலும் விழுந்திருந்தது. டப்பாவைப் பார்த்தபடி, "மதினி, நான் ஒரு தடவை வந்தேன்" என்றாள். எங்கே என்று கேட்டேன். "காதுகுத்துக்கு முன்னால. வளையல் வாங்கணும்னு வீட்டுல பொய் சொல்லிட்டு வந்தேன். மடியில வெத்தலை பாக்கு இருந்துச்சு. யாரும் கூப்பிடாட்டி என்ன, நானே அண்ணனைக் கூப்பிட்டுருவோம்னு வந்தேன். நீங்க வீட்டுல இல்லை, தண்ணிக்குப் போயிருந்தீக போல. சன்னல் வழியாப் பாத்தேன். அண்ணன் அந்தக் கடிகாரத்தை வச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. கண்ணுல கண்ணாடியை மாட்டிக்கிட்டு, அம்புட்டு ஆசையாப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. நான் நின்னது கூடத் தெரியலை. சரி, நம்மளை விட அதுதான் பெரிசுன்னு ஆயிப்போச்சுன்னு நினைச்சேன். வெத்தலையை வாய்க்கால்ல போட்டுட்டுத் திரும்பிப் போயிட்டேன்."

 "அடி பாவி" என்றேன். "உம்மகன் காதுகுத்துக்குக் கொண்டாந்து கட்டணும்னுதாண்டி அதைப் பிரிச்சுப்போட்டு உக்காந்திருந்தாரு. சக்கரம் அராவிக்கிட்டு இருந்தாருடி. அது ஓடாம எப்படிக் கொண்டுபோறதுன்னு உக்காந்திருந்தாரு."

அவள் என்னையே பார்த்தாள்.  என் கையிலிருந்த டப்பாவை வாங்கித் திறந்து, உள்ளே கிடந்த சக்கரங்களை விரலால் மெதுவாக ஒதுக்கினாள். அவர் அராவிய பித்தளைத் துண்டுகளும் அதில்தான் கிடந்தன. பல் முறிந்தது, கோணலானது, பாதியில் விட்டது என்று கைநிறைய இருக்கும்.

"ஓடாட்டி என்ன மதினி" என்றாள். "எங்க வீட்டுல யாருக்கு மணி பாக்கத் தெரியும்?"